பழைய வாக்மேனை மறுபடி ஓட வைக்க: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

பரணில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு பழைய வாக்மேன் வெளியே வருகிறது. எந்த கம்பெனி செய்திருந்தாலும் நம் வாயில் அது வாக்மேன்தான். கையில் எடுத்ததும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: இரண்டு பேட்டரி போடுவது, இருப்பதிலேயே பிடித்த கேசட்டைச் சொருகுவது, பிளேயை அமுக்குவது.

நானும் அப்படித்தான் செய்தேன். பத்து விநாடி பாட்டு கேட்டது, அப்புறம் குரல் இழுத்துக்கொண்டே போய் நின்றது. கதவைத் திறந்தால் ரப்பர் உருளையைச் சுற்றி நாடா கொத்தாகச் சிக்கியிருந்தது. வெளியே இழுத்தபோது கசங்கிய இடம் இன்றும் அந்தப் பாட்டில் ஒரு முழுங்கலாகக் கேட்கிறது.

அதற்குப் பிறகு பல வாக்மேன்களைத் திறந்து மூடியாயிற்று. புதிதாக ஆரம்பிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைத்திறன் போதாமல் இல்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதால்தான். குறிப்பாக, வேகத்தை மாற்றும் திருகை அவசரப்பட்டுத் திருப்புவதால். அதனால் இங்கே எண் போட்டிருக்கும் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. மேஜையில் எடுத்து வைக்க வேண்டியவை

திறந்து போட்டுவிட்டு ஏதோ ஒன்றைத் தேடி எழுந்து போனால், திரும்பி வரும்போது ஒரு ஸ்ப்ரிங் காணாமல் போயிருக்கும். எல்லாம் முதலிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்க்ரூ டிரைவரில்தான் முதல் தப்பு நடக்கிறது. பழைய வாக்மேன்களில் பெரும்பகுதி ஜப்பானிய வடிவமைப்பு. அவற்றின் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவுக்கு வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் டிரைவரின் முனை அதற்குள் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகினால் வழுக்கிக்கொண்டு தலையைத் தேய்த்துவிடும். தலை மொழுக்கையாகிவிட்டால் அந்த ஸ்க்ரூவை எடுப்பதே தனி வேலை. ஜேஐஎஸ் முனையில் 00, 0 என்ற இரண்டு அளவு இருந்தால் போதும்.

துடைக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல். 99 கிடைத்தால் இன்னும் நல்லது. கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் இருக்கும் தண்ணீரும் கிளிசரினும் நாடாவில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டின் மேல் படலமாக நின்றுவிடும்.

பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சி ஒரு கட்டு, முனை மெல்லிய இடுக்கி, ஒரு வெள்ளைத் தாள், செலோ டேப், பழைய டூத் பிரஷ், தையல் நூல், மல்டிமீட்டர், எலெக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர், படம் எடுக்க கைபேசி. ஹெட்ஃபோன் பழையதாகவோ மலிவானதாகவோ இருக்கட்டும். கோளாறுள்ள கருவி திடீரென்று பெரிய சத்தம் எழுப்பலாம். நல்ல ஹெட்ஃபோனையும் காதையும் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு கேசட். 60 நிமிட நாடா, அதாவது சி-60, இருந்தால் சரி. சி-120 வேண்டவே வேண்டாம். அதன் நாடா சி-60 நாடாவில் ஏறக்குறையப் பாதித் தடிமன்தான். சிக்குவதற்கென்றே செய்தது போல இருக்கும்.

2. வெளியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

மூடியில் பளபளப்பாக அச்சிட்டிருப்பதெல்லாம் விளம்பரம் மட்டும் இல்லை. உள்ளே எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பதையும் அது சொல்லும்.

ஆட்டோ ரிவர்ஸ் என்று இருந்தால், கேசட்டைப் புரட்டாமலே இரண்டாவது பக்கமும் ஓடும். அதற்காக உள்ளே இரண்டு சுழல் தண்டு, இரண்டு ரப்பர் உருளை, கூடுதல் பற்சக்கரங்கள் இருக்கும். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டின் வழியும் சுற்றி வளைத்துப் போகும். முதல் கருவியாக இதை எடுத்தவர்கள் பலர் பாதியில் மூடி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டனைப் பாருங்கள். அமுக்கினால் கட்டக் என்று உள்ளே இறங்கி நிற்கும் பட்டன் என்றால் இயந்திர ரகம். கற்றுக்கொள்ள அதுதான் ஏற்றது. லேசாகத் தொட்டாலே வேலை செய்யும் ரகத்தில் ஒரு சிப்பும் சின்னக் காந்தச்சுருளும் சேர்ந்துதான் ஹெட்டை நகர்த்துகின்றன. அங்கே கோளாறு பெல்ட்டிலா, மின்சுற்றிலா என்று பிரித்தறிவது கடினம்.

ரெக்கார்டிங் வசதி இருந்தால் ஒரு எச்சரிக்கை. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்படாமல் இருந்தால், தவறுதலாகச் சிவப்பு பட்டன் பட்டாலே பழைய பதிவு அழிந்துவிடும். சோதனை செய்யும் கேசட்டில் அந்த நாக்கை உடைத்துவிடுங்கள்.

மின்சாரம் எப்படி என்றும் பாருங்கள். சாதாரண மாடல்கள் இரண்டு பென்சில் பேட்டரியில் 3 வோல்ட்டில் ஓடும். பிந்தைய மெல்லிய மாடல்களில் தட்டையான 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி ஒன்று இருக்கும். அதோடு பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு பென்சில் பேட்டரிக் கூடும் வந்திருக்கும். அந்தக் கூடு தொலைந்திருந்தால் தட்டைப் பேட்டரிக்கு ஒரு வழி செய்த பிறகுதான் மற்றது எல்லாம்.

அடாப்டரை வேலை முடியும் வரை தொட வேண்டாம். துளைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் குறி போட்டிருக்கும். நடுவில் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். 3 வோல்ட் என்று எழுதிய பழைய அடாப்டரும் சுமை இல்லாதபோது அதைவிடக் கணிசமாக அதிகம் தரலாம். சோதனைக்குப் பேட்டரியே பத்திரம்.

3. பேட்டரிக் கூட்டைச் சுத்தம் செய்வது

பல வருடம் கிடந்த வாக்மேன் ஓடவில்லை என்றால் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கும். கம்பிச்சுருளிலும் தகட்டிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் அது காரம். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டு ஒற்றினால் பொரிந்து கரையும். பிறகு தண்ணீர் லேசாக நனைத்த குச்சி, அதன்பின் ஆல்கஹால், கடைசியில் உலர விடுவது. வினிகரை ஊற்ற வேண்டாம். கூட்டின் ஓட்டை வழியாக அது நேரே மின்பலகைக்குப் போகும்.

தகடு பளபளவென்று ஆன பிறகும் ஓடவில்லையா? கசிவு கம்பியின் தோலுக்கு உள்ளேயே ஊர்ந்து போயிருக்கலாம். வெளியே சிவப்பாக நன்றாகத் தெரியும் கம்பி உள்ளே கறுத்துப் பொடிந்திருக்கும். மல்டிமீட்டரில் கம்பியின் இரு முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

4. கேசட் போடாமல் ஓட்டிப் பார்ப்பது

புது பேட்டரி போட்டு, கேசட் இல்லாமல், பிளேயை அமுக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். திறப்பதற்கு முன்பே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் இது சொல்லிவிடும்.

சத்தமே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. பேட்டரித் தகடு சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் பிளே பட்டனோடு சேர்ந்து ஒன்றையொன்று தொடும் இரண்டு மெல்லிய தகடுகள் மேல். அவை கறுத்துப் போயிருக்கும். திறந்த பிறகு, ஆல்கஹாலில் நனைத்த தாள் துண்டை அவற்றுக்கு நடுவில் வைத்து, லேசாக அழுத்திப் பிடித்து உருவினால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், சீக்கிரமே மறுபடி கறுக்கும்.

மோட்டார் ஙொய்யென்று வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் கதவு ஜன்னலில் எதுவும் சுற்றவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. இதுதான் அதிகம் வரும் நிலைமை.

மூன்றாவது நிலைமைதான் ஆபத்தானது. கம்பி போன்ற மெல்லிய தண்டு சுற்றுகிறது, ஹெட் பக்கத்தில் எல்லாம் சரி, ஆனால் நாடாவைச் சுற்றி எடுக்கும் பல்சக்கரம் நிற்கிறது அல்லது விரல் நுனி பட்டாலே நின்றுவிடுகிறது. தண்டும் உருளையும் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க, எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. என் பாட்டைத் தின்றது இப்படித்தான்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டிக், டிக் என்று கேட்டால், ஏதோ ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் வருடப்போக்கில் சுருங்கி, இரும்புத் தண்டில் இறுகி, நடுவில் வெடிக்கும். அதற்கு மாற்றுச் சக்கரம் தேட வேண்டும். பசை போட்டு ஒட்டினால் பல்லின் இடைவெளி மாறி அதே சத்தம் திரும்ப வரும்.

5. திறப்பது

வெள்ளைத் தாளில் வாக்மேனின் முதுகை ஒரு கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எடுத்த இடத்துக்கு நேராக அந்தத் தாளில் செலோ டேப்பால் ஒட்டுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஸ்க்ரூக்களில் நீளம் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. வித்தியாசப்படும். நீளமானதைக் குட்டை ஓட்டையில் போட்டு இறுக்கினால், அது உள்ளே மின்பலகையைக் குத்தும் அல்லது வெளி மூடியில் முட்டி ஒரு புடைப்பாகத் தெரியும்.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். ஒன்று மீதம் இருக்கிறது. பேட்டரிக் கூட்டுக்குள், கேசட் கதவின் உள்விளிம்பில், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு அடியில் என்று இந்த வரிசையில் தேடுங்கள்.

மூடி கழன்றதும் வேகமாக இழுக்க வேண்டாம். பேட்டரிக்குப் போகும் இரண்டு கம்பி, சில மாடல்களில் தலைமுடி போன்ற ஹெட் கம்பிகள், பிந்தையவற்றில் பட்டை போன்ற மெல்லிய இணைப்பு என்று ஏதாவது ஒன்று இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கும். புத்தகம் போல மெதுவாக விரித்து, எந்த ஒன்றைத் தொடுவதற்கு முன்னும் படம் எடுங்கள். கம்பி எந்தத் தூணுக்கு எந்தப் பக்கம் போகிறது என்பது திறந்த அன்றைக்கு மனப்பாடம் போலத் தோன்றும். மூன்று நாள் கழித்து மாற்று பெல்ட் வரும்போது எதுவும் நினைவிருக்காது.

மின்பலகை பெல்ட்டை மறைத்தபடி இருந்தால் அதையும் தூக்க வேண்டும். ஒலியளவுச் சக்கரமும் மற்ற நழுவு சுவிட்சுகளின் வெளித் தொப்பிகளும் சும்மா நிற்கும் துண்டுகள். பலகை எழுந்ததும் கீழே விழும். விழுவதற்கு முன் அவை எந்த நிலையில் இருந்தன என்று பார்த்து வையுங்கள். திரும்ப மூடும்போது சுவிட்சின் முள் தொப்பியின் பள்ளத்தில் உட்காரவில்லை என்றால், வெளியே நகரும், உள்ளே நகராது.

6. பெல்ட்

நேரம் அதிகம் போவது இங்கேதான். அவசரப்பட வேண்டாம்.

பழைய பெல்ட் மூன்று விதமாக இருக்கும். தளர்ந்திருக்கும், இறுகி நீள்வட்டமாகியிருக்கும், அல்லது உருகியிருக்கும். உருகியது என்றால் அசல் தார்தான். கறுப்பாகப் பிசுபிசுத்து, மோட்டாரின் பித்தளைத் தலையிலும், தண்டோடு சேர்ந்து சுற்றும் கனமான பறக்கும் சக்கரத்தின் (ஃப்ளைவீல்) விளிம்பிலும் அப்பிக்கொண்டிருக்கும். விரலில் பட்டால் அடுத்து நீங்கள் தொடுவதிலெல்லாம் ஏறும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சட்டையில் துடைக்காதீர்கள்.

முதலில் இடுக்கியால் பெரிய துண்டுகளை எடுங்கள். பிறகு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி. ஒரு குச்சி கறுத்தால் அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்தது. கறுத்த குச்சியால் துடைப்பது தாரை இடம் மாற்றும் வேலை. பறக்கும் சக்கரத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றிச் சுத்தம் செய்வது எளிது. அதன் தண்டில் மாட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வாஷரைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பில் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, பிறகு தரையில் விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மோட்டார் தலையின் பள்ளத்தில் ஒரு புள்ளி தார் மிஞ்சினாலும் புது பெல்ட் அந்த இடத்தில் ஒருமுறை துள்ளும். அது பாட்டில் நடுக்கமாகக் கேட்கும்.

அடுத்து அளவு. பழைய பெல்ட்டை வைத்து அளக்காதீர்கள், அது நீண்டிருக்கிறது. பெல்ட் போகும் வழியில் தையல் நூலைச் சுற்றி, தொடும் இடத்தில் வெட்டி, நீட்டி அளவெடுங்கள். புது பெல்ட்டின் உட்சுற்றளவு இதைவிட 5 முதல் 7 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். நூல் 200 மி.மீ. என்றால் பெல்ட் ஏறக்குறைய 186 முதல் 190 மி.மீ. கடையில் சிலர் சுற்றளவு சொல்வார்கள், சிலர் இரண்டாக மடித்த நீளம் சொல்வார்கள், சிலர் விட்டம் சொல்வார்கள். 190 மி.மீ. சுற்றளவு என்பது மடித்தால் 95, விட்டமாகச் சொன்னால் சுமார் 60.5. எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கி, இரண்டு மடங்கு பெரிய பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தெரியும்.

இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இறுகிய பெல்ட் மோட்டாரின் அச்சைப் பக்கவாட்டில் இழுக்கும். பேட்டரி சீக்கிரம் தீரும், மோட்டாரின் முனகல் ஹெட்ஃபோனில் கேட்கும். பண நோட்டைக் கட்டும் ரப்பர் பேண்டும் உதவாது. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறும், அந்த மாற்றம் அப்படியே பாட்டின் சுருதியில் வந்து நிற்கும். ரப்பர் பேண்ட் போட்ட வாக்மேனில் வீணையைக் கேட்டால் உடனே புரியும்.

மாட்டும்போது விரலால் தொடாமல் இடுக்கியால் பிடியுங்கள்; கையின் எண்ணெய் பெல்ட்டை வழுக்க வைக்கும். சதுர பெல்ட் முறுக்கிக்கொள்ளக் கூடாது. மாட்டியதும் பறக்கும் சக்கரத்தைக் கையால் பத்து சுற்று சுற்றி, பெல்ட் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆட்டோ ரிவர்ஸ் மாடலில் இரண்டு பறக்கும் சக்கரங்களும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் பெல்ட்டை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

7. ஹெட், தண்டு, உருளை: துடைப்பது

திறந்திருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். மூடிய பிறகு கதவு இடுக்கில் குச்சியை விட்டுத் துழாவுவது பாதிச் சுத்தம்தான்.

ஹெட்டின் முகத்தை ஆல்கஹால் குச்சியால் நாடா ஓடும் திசையில் தேய்த்துவிடுங்கள். பழுப்பு நிறம் வருவது நின்றதும் போதும். உலோகத்தால் ஹெட்டைத் தொடக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நாடாவின் அகலத்துக்கு ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் ஹெட் தேய்ந்திருக்கிறது. சுத்தம் செய்து தீராது.

தண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாடாவின் வேகத்தை முடிவு செய்வது இந்தத் தண்டின் சுற்றளவு. 2 மி.மீ. தடிமனுள்ள தண்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 0.02 மி.மீ. கனத்துக்கு நாடாப்பொடி படிந்தால் தடிமன் 2.04 ஆகிறது, பாட்டு 2 சதவீதம் வேகமாக ஓடும். இதைத் துடைக்காமல் வேகத் திருகைத் திருப்பினால், நீங்கள் சரிசெய்வது அழுக்கை. பிளே அமுக்கித் தண்டு சுற்றும்போதே நனைந்த குச்சியை அதன் மேல் வைத்துப் பிடித்தால் சுற்றிலும் சுத்தமாகும். உருளைக்கும் தண்டுக்கும் நடுவில் பஞ்சு மாட்டிக்கொள்ளாமல் எதிர்ப்பக்கத்தில் பிடியுங்கள்.

ரப்பர் உருளை பளபளவென்று கண்ணாடி போல இருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. மங்கலான, லேசாகச் சொரசொரப்பான பரப்புதான் நாடாவைப் பிடிக்கும். துளி சோப்பு கலந்த தண்ணீரில் குச்சியை நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த குச்சியால் ஒற்றிவிடுங்கள். நாடாவைத் தின்னும் வாக்மேன்களில் பெல்ட்டுக்கு அடுத்தபடி இந்த உருளைதான் குற்றவாளி.

எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். பறக்கும் சக்கரத்தின் தண்டு நுழையும் துளையில், ஊசி முனையில் நிற்கும் அளவு மெல்லிய இயந்திர எண்ணெய். அவ்வளவுதான். துருநீக்கும் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. அது பெல்ட், உருளை இரண்டுக்கும் பரவி, செய்த வேலையெல்லாம் வீணாகும்.

வெளி மூடியின் அச்சு எழுத்தையும் தெளிவான பிளாஸ்டிக் ஜன்னலையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம். எழுத்து அழியும், ஜன்னல் மங்கும். ஈரத்துணி போதும்.

8. முதல் ஓட்டம்

இப்போது அந்தப் போனால் போகட்டும் கேசட். போடுவதற்கு முன் அதையும் ஒரு பார்வை பாருங்கள். நடுவில், நாடாவுக்குப் பின்னால், ஒரு சின்ன ஃபெல்ட் பஞ்சு இருக்க வேண்டும். அதுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. அது உதிர்ந்த கேசட்டைப் போட்டுவிட்டு ஹெட்டைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது. ஆறுபக்கப் பென்சிலைத் துளையில் விட்டு, தொய்வு போகும் வரை சுற்றுங்கள்.

மூடியை முழுக்க ஸ்க்ரூ போட்டு இறுக்காமல், இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். எப்படியும் இன்னொரு முறை திறக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு நிமிடம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், விரல் ஸ்டாப் மேலேயே இருக்கட்டும். எடுக்கும் பக்கம் ஒரே சீராகச் சுற்றுகிறதா? நடுநடுவே நின்று நின்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

பிறகு ஃபார்வர்ட், ரீவைண்ட் இரண்டையும் பாருங்கள். மெதுவாகப் போய் முடிவுக்கு அருகில் திணறினால், கேசட்டை மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சில கேசட்டுகளே இறுக்கம். நாடா முடிந்ததும் தானாக நிற்கிறதா என்பதையும் கடைசி வரை ஓட்டிச் சோதியுங்கள்.

9. வேகம்

இத்தனைக்கும் பிறகுதான் அந்தத் திருகு. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த வாக்மேனில் பாட்டு எலிக்குரலில் ஓடியது. தளர்ந்த பெல்ட்டோடு மெதுவாக ஓடியிருக்கிறது, அவர் திருகைத் திருப்பி ஈடுகட்டியிருக்கிறார், பிறகு புது பெல்ட் போட்டிருக்கிறார். பழைய நிலை எங்கே இருந்தது என்று அவருக்கே நினைவில்லை. அதனால் முதல் வேலை: திருகின் இப்போதைய நிலையை மெல்லிய பேனாவால் குறித்து, படமும் எடுத்துக்கொள்வது.

திருகு மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும், அல்லது மின்பலகையில் சின்ன வட்டமாக இருக்கும். மின்பலகையில் இதைப் போலவே வேறு சில வட்டங்களும் இருக்கலாம். அருகில் வேகத்தைக் குறிக்கும் எழுத்து இல்லை என்றால், அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் எதையும் திருப்ப வேண்டாம்.

கேசட் நாடாவின் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. இதை அளக்க 3000 அல்லது 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் கிடைக்கும். அதிர்வெண் காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்து, ஹெட்ஃபோனை மைக்கில் ஒட்டி வைத்துப் பார்க்கலாம். 3000 ஹெர்ட்ஸ் கேசட்டில் 3090 காட்டினால் 3 சதவீதம் வேகம்; அரை ஸ்வரத்தில் பாதி அளவுக்குச் சுருதி ஏறியிருக்கிறது.

சோதனைக் கேசட் இல்லையா? கம்பெனிப் பதிவாக வந்த ஒரு பாட்டையும் அதன் டிஜிட்டல் பதிவையும் எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை நேரம் பாருங்கள். 4 நிமிடம், அதாவது 240 விநாடி ஓட வேண்டிய பாட்டு 235 விநாடியில் முடிந்தால் சுமார் 2 சதவீதம் வேகம். வீட்டில் பதிந்த கேசட் இதற்கு உதவாது. பதிந்த கருவியின் பிழையும் அதில் சேர்ந்தே இருக்கும்.

புது பேட்டரி போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, கேசட்டின் நடுப்பகுதியில் அளவெடுங்கள். திருகைத் துளித்துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி காத்திருங்கள். 1 சதவீதத்துக்குள் வந்தால் விட்டுவிடலாம். எண் ஆடிக்கொண்டே இருந்தால் அது திருகால் தீராது. பெல்ட், உருளை, தண்டுக்குத் திரும்புங்கள்.

10. ஹெட்டின் சாய்வு

சுத்தம் செய்தும் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். ஹெட்டின் நடுவில் இருக்கும் இடைவெளி நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் உயர்ந்த ஒலிகள் முதலில் காணாமல் போகும்.

ஹெட்டின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். ஸ்ப்ரிங் மேல் உட்கார்ந்திருப்பதுதான் சாய்வுத் திருகு. மற்றது ஹெட்டைப் பிடித்திருப்பது, அதைத் திருப்பக் கூடாது. பிளேயில் இருக்கும்போது அதை எட்டுவதற்கென்றே பல மாடல்களில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். நல்ல கம்பெனிப் பதிவைப் போட்டு, ஹெட்ஃபோன் துளையிலிருந்து கணினிக்கு இணைத்து, ஒலியை மோனோவில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் வலம் இரண்டும் சேரும்போது சாய்வுப் பிழை இன்னும் பளிச்சென்று தெரியும். கால் சுற்றுக்கும் குறைவாக முன்னும் பின்னும் திருப்பி, தாளச் சத்தம் மிகக் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் நகராது.

ஆட்டோ ரிவர்ஸில் இரண்டு திசைக்கும் தனித்தனிச் சாய்வு உண்டு. ஒரு திசையைச் சரிசெய்துவிட்டு மற்றதைக் கேட்காமல் மூடிவிடாதீர்கள்.

11. ஒரு காதில் மட்டும் கேட்டால்

ஹெட்ஃபோனை மாற்றிப் பாருங்கள். அடுத்து, பிளக்கைத் துளைக்குள் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். விட்டு விட்டு வந்தால், துளையின் கால்கள் மின்பலகையில் பற்றவைத்த இடத்தில் வெடித்திருக்கும். வருடக்கணக்கில் பிளக்கை இழுத்ததன் விளைவு. மறுபடி சூடு வைத்துப் பற்றவைத்தால் சரியாகும்.

ஒலியளவைத் திருப்பும்போது கரகரத்தால், கான்டாக்ட் கிளீனரைச் சக்கரத்தின் இடுக்கில் ஒரு பீச்சு பீச்சி, இருபது முப்பது முறை முழுக்கத் திருப்புங்கள்.

மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒலி மெலிந்து, இரைச்சலோடு வந்தால் மின்பலகையைக் கூர்ந்து பாருங்கள். 80களின் பிற்பகுதி, 90களின் மாடல்களில் இருக்கும் சின்ன வெள்ளி டப்பா போன்ற கெப்பாசிட்டர்கள் அடியில் கசியும். கால்கள் மங்கிப்போயிருக்கும், சூடு வைத்தால் மீன் நாற்றம் அடிக்கும். மாற்றலாம்தான். ஆனால் பற்றவைப்பில் கை பழகாதவர்கள் இதை முதல் வேலையாக எடுக்க வேண்டாம்; பலகையின் செம்புத் தடம் பிய்ந்து வந்துவிடும்.

12. சுவிட்சுகளைச் சரியாக வைப்பது

கருவி ஓடுகிறது, ஆனாலும் ஒலி ஏமாற்றமாக இருக்கிறது என்று திரும்பக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சுவிட்சுகளை.

நாடா வகை சுவிட்ச்: நார்மல், அதோடு குரோம் அல்லது மெட்டல் என்று இருக்கும். உயர் ஒலிகளை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற ஈட்டளவு சாதாரண நாடாவுக்கு 120 மைக்ரோ விநாடி, குரோம், மெட்டல் நாடாக்களுக்கு 70. ஓடும் கருவியில் மெட்டல் என்று மட்டும் எழுதியிருந்தாலும் குரோமுக்கும் அதுவேதான். நார்மல் நாடாவை மெட்டலில் வைத்தால் உயர் ஒலிகள் அமுங்கும். பல கம்பெனிப் பதிவுகள் குரோம் நாடாவில் இருந்தாலும் 120-க்கே பதிந்தவை. கேசட் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வையுங்கள்.

டால்பி பி, அதாவது நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் முறை: அதில் பதிந்த கேசட்டுக்கு மட்டும். டால்பி இல்லாத கேசட்டுக்குப் போட்டால் இரைச்சலோடு சேர்த்துப் பாட்டின் துலக்கமும் போகும். ஹெட் அழுக்காகவோ சாய்ந்தோ இருந்தால் டால்பி அதை இன்னும் மோசமாக்கும் என்பதால், மேலே சொன்ன வேலைகள் முடியும் வரை அதை ஆஃபிலேயே வையுங்கள். தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் சுவிட்சையும் அப்படியே. அது பேட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும்.

ரேடியோ உள்ள மாடலில் நிலையங்களே வரவில்லை என்றால் அலைவரிசை எண்ணைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பல மாடல்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அது கோளாறு இல்லை. ஹெட்ஃபோன் கம்பிதான் பொதுவாக ஆன்டெனாவும். பிளக் இல்லாமல் சோதிக்காதீர்கள்.

நிக்கல் ரீசார்ஜ் பேட்டரி இரண்டு சேர்ந்தால் 2.4 வோல்ட்தான். பெரும்பாலான மாடல்கள் அதில் ஓடிவிடும், பேட்டரி விளக்கு மட்டும் முன்கூட்டியே மங்கும்.

13. எடுத்து வைக்கும்போது

பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் கட்டாயம்.

கேசட்டையும் வெளியே எடுங்கள். பட்டன்கள் எல்லாம் மேலே எழுந்து நிற்கின்றனவா என்று விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து பாதியில் நின்றுபோனால், இயந்திர ரகத்தில் பிளே பட்டன் உள்ளேயே இருக்கும். உருளை தண்டின் மேல் அழுந்திய நிலையில் மாதக்கணக்கில் கிடக்கும். பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு அப்படியே அலமாரியில் வைத்தவர்களும் உண்டு. பிளே உள்ளேயே நிற்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். ரப்பரில் தண்டின் தடம் பள்ளமாகப் பதிந்துவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு ஒருமுறை தடுக்கும். எவ்வளவு துடைத்தாலும் அந்தப் பள்ளம் போகாது, உருளையைத்தான் மாற்ற வேண்டும்.